நின்றால் மட்டும் நடுக்கம்!
நடுக்குவாதம் என்று பயப்பட வேண்டாம்

சிவாஜிநகரில் ரேஷன் கடை வரிசை. அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் பையும் கார்டுமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் ஆகவில்லை, கால் இரண்டும் உள்ளுக்குள் கிடுகிடுக்கின்றன. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வரிசையை விட்டு நாலடி நடக்கிறார். நடுக்கம் போயே போய்விட்டது! எங்காவது உட்கார்ந்தாலும் அப்படியே. பார்த்தவர்கள், "நன்றாகத்தானே நடக்கிறீர்கள், என்னம்மா உங்களுக்கு?" என்கிறார்கள். வீட்டிலோ, "எல்லாம் மனப்பிராந்தி."

பிராந்தி அல்ல. இப்படியும் ஒரு வியாதி உண்டு. 'ஆர்த்தோஸ்டேட்டிக் டிரெமர்' என்ற பெயரில் அமெரிக்க நரம்பியல் நிபுணர் கென்னத் ஹெயில்மன் 1984-ல் இதைப் பற்றி எழுதினார். அபூர்வமானது என்பதால் பலருக்கு வருஷக்கணக்கில் பெயர் தெரியாமலே போகிறது. கோயில், கல்யாணம், கடைவீதி என்று நிற்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள்.

எது எந்த நடுக்கம்?

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்ஸன் வியாதியில், கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் பெரும்பாலும் நடுங்கும். விநாடிக்கு 4 முதல் 6 தடவை. அதோடு உடல் இறுகும், நடை சுருங்கும். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும் இன்னொரு நடுக்கம், காபி டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் கையை ஆட்டும்.

நிற்கும்போது வருவதோ காலில். விநாடிக்கு 13 முதல் 18 தடவை! இவ்வளவு வேகம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆடுசதையில் கை வைத்தால் உணரலாம். டாக்டர் தொடையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் தூரத்தில் ஹெலிகாப்டர் பறப்பது போல் கேட்கும். எச்.ஏ.எல். பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த ஓசையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுந்ததும் கண் இருட்டித் தலை சுற்றினால் சங்கதி வேறு. ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். வயதானவர்கள் சிலருக்கு நிற்கும்போது கால் ஒழுங்கில்லாமல் வெட்டி வெட்டி இழுப்பதும் உண்டு. அதை இதிலிருந்து வெறுங்கண்ணால் பிரிப்பது டாக்டருக்கே கஷ்டம். தசையின் மின்னோட்டத்தைப் பதியும் 'இ.எம்.ஜி.' சோதனைதான் முடிவு சொல்லும். அதையும் நிற்க வைத்து எடுக்க வேண்டும். படுத்த நிலையில் எடுத்தால் நடுக்கமே இராது.

மருந்து உண்டா? குளோனாசெபாம் சிலருக்குக் குணம் காட்டுகிறது, ஆனால் தூக்கம் தள்ளும். காபாபென்டின் சிலருக்குக் கேட்கிறது. இரண்டையும் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. மடக்கு நாற்காலி ஒன்றைக் கூடவே எடுத்துப் போவது பலருக்கு மாத்திரையை விட உதவுகிறது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. டாக்டரிடம் போனதும் நாற்காலியில்தான் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தால் வியாதி ஒளிந்துகொள்ளும். "நின்றால்தான் டாக்டர் வருகிறது, இரண்டு நிமிடம் நிற்க வைத்துப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும்.