சிம்மக்கல்லில் நிற்கும் குதிரை

மதுரை சிம்மக்கல் நெரிசல். டவுன் பஸ்சுக்குப் பின்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஏசி ஓட, உறுமிக்கொண்டு நிற்கிறது. நகராத அந்த நேரத்தில் அதன் மைலேஜ் பூஜ்யம். வழி கிடைத்ததும் ஒரே மிதி. பெட்ரோல் குபுகுபுவென்று இறங்கும். பத்தடி போவதற்குள் ஷேர் ஆட்டோ குறுக்கே வர, பிரேக். சேர்த்த வேகமெல்லாம் பிரேக் தட்டில் வெறும் சூடாகப் போச்சு! பெரிய எஞ்சின் சும்மா சுழலவே கூடுதல் பெட்ரோல் கேட்கும்; அகல டயரும் லேசில் உருளாது. கம்பெனி சொல்லும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி அளந்தது. அங்கே ஏது மாசி வீதி நெரிசல்? மேலூர் நான்குவழிச் சாலையில் சீராக 80-இல் போனால் அதே கார் சமர்த்து. 120-ஐத் தொட்டால், காற்றின் எதிர்ப்பு 2.25 மடங்கு.