மணல் வழி – 9: அரை இரணைமடு

போன கிழமை நாயாற்று முகத்துவாரத்தில் நிறுத்தியிருந்தோம். இந்தக் கிழமை கொழும்புத் துறைமுக நகரத்துக்குப் போய், அந்த நிலம் யாருடையது என்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். போய்விட்டு வந்தேன். ஆனால் வழியில் ஒரு கணக்கு அகப்பட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

துறைமுக நகரத்தின் பரப்பு 269 ஹெக்டேயர், எங்கள் அளவில் 665 ஏக்கர். 2014 செப்டெம்பர் 17ஆம் திகதி மகிந்த ராஜபக்ஷவும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் வேலையைத் தொடக்கி வைத்தபோது அந்த இடம் முழுக்கக் கடல். 2015 மார்ச்சில் புதிய அரசாங்கம் வேலையை நிறுத்தியது. 2016இல் அதே அரசாங்கமே மறுபடி தொடங்க விட்டது. 2019 ஜனவரியில் நிரப்பும் வேலை முடிந்தது. அதற்குள் கொட்டிய மணல் சுமார் ஆறரைக் கோடி கன மீற்றர்.

இதை ரயிலில் பக்கத்தில் இருந்த ஐயாவிடம் சொன்னேன். கிளிநொச்சி முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிறவர், மகளைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"மீற்றர் எனக்கு விளங்காது தம்பி, கியூப்பில சொல்லு" என்றார்.

100 கன அடி ஒரு கியூப். போனில் தட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம் கியூப் வந்தது. டிப்பருக்கு மூன்று கியூப் என்று வைத்தால் 76 இலட்சம் லோட். ஐயாவுக்கு அதுவும் பிடிபடவில்லை. "குளத்தில சொல்லு பாப்பம்" என்றார்.

இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஓமந்தை தாண்டுவதற்குள் விடை வந்துவிட்டது. 1902இல் தொடங்கி 1920இல் முடித்து, பிறகும் உயர்த்தி உயர்த்தி வந்த எங்கள் இரணைமடுக் குளம், கடைசித் திருத்த வேலைக்கு முன்னர் கொண்ட தண்ணீர் 106,500 ஏக்கர் அடி. கன மீற்றரில் 13 கோடியே 10 இலட்சம் சொச்சம். அதில் சரிபாதி ஆறரைக் கோடி!

"அரை இரணைமடுவோ!" ஐயா போட்ட சத்தத்தில் எதிர் சீற்றில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். குளம் வான் பாய்ந்தால் என்ன நடக்கும் என்று கிளிநொச்சிச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கதவுகள் திறந்தபோது எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது ஐயாவுக்கு இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. தன்னுடைய வரம்புகள் போன இடம் தெரியவில்லை என்றார். அந்த வெள்ளம் வடிந்து சில கிழமைகளில்தான் கொழும்பில் நிரப்பும் வேலை முடிந்தது. குளத்தில் அரைவாசிக்குத் தண்ணீருக்குப் பதில் மணல் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வளவும் கடலுக்கு அடியிலிருந்து வந்தது.

எப்படி வந்தது? அடியில் நீளக் குழாய் தொங்கும் கப்பல் ஒன்று கடல்தரையை உரசியபடி மெல்ல நகரும். குழாய் மணலையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். கப்பலின் வயிற்றில் மணல் அடைய, தண்ணீர் வழிந்து வெளியேறும். நிரம்பியதும் கரைக்கு வந்து, அடிக்கதவைத் திறந்து கொட்டும். ஆழம் குறைந்த இடத்தில் முன்பக்கத்தால் வில்லாக வளைத்துப் பீச்சும். கொட்டிய மணல் பொருமிக் கிடக்கும் என்பதால், பிறகு அதிரவைத்து இறுக்குவார்கள். அலை அரிக்காதபடி மூன்று கிலோமீற்றருக்கு மேல் கல்லணையும் போட்டிருக்கிறார்கள்.

மணல் அள்ளிய கடல் நீர்கொழும்புப் பக்கம். அங்கத்தைய மீனவர்கள் கறுப்புக்கொடி கட்டினார்கள், ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். மீன் இனம் பெருகும் பார்கள் அழிகின்றன, கரை அரிக்கிறது என்பது அவர்களுடைய முறைப்பாடு. தென்பகுதி மீனவர் பருவத்துக்கு நாயாற்றுக்கு வந்து தொழில் செய்வதை எதிர்த்து 2018இல் முல்லைத்தீவு மீனவர்கள் வீதியில் இறங்கியதையும் நாங்கள் பார்த்தோம். இரண்டு இடத்திலும் நின்றவர்கள் கடலை நம்பிய ஏழைகள். ஒருவர் துயரம் மற்றவருக்கு எட்டவேயில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விடயம்.

சரி, இடத்துக்கு வருவோம். கோட்டை ஸ்டேசனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். காலிமுகத்திடலில் 1859இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் போட்ட நடைபாதையில் நின்று வடக்கே பார்த்தால், முன்பு அலை அடித்த இடத்தில் இப்போது தரை. 2022 ஜனவரியில் பொதுமக்களுக்குத் திறந்த கரையோர நடைபாதையில் பின்னேரம் நல்ல சனம். படகுத்துறைக்கு மேலால் நடைபாலம், அதில் நின்று படம் பிடிக்கும் சோடிகள், முறுக்குப் பையோடு வந்த குடும்பங்கள். கட்டடங்கள் எழும்ப இன்னும் காலம் எடுக்கும், வெறுங்காணிதான் கூட.

செயற்கைக் கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பிடி மணல் அள்ளினேன். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் மங்கிய மஞ்சள், இடையிடையே நொருங்கிய சிப்பி ஓட்டின் வெள்ளைத் துண்டுகள். எங்கள் கனகராயன் ஆற்று மணலில் சிப்பி இருக்காது, உப்பும் இருக்காது. கடல் மணலைக் கழுவாமல் கொங்கிறீற்றுக்குப் போட்டால் உப்பு கம்பியைத் தின்றுவிடும். எங்கள் ஆற்றை இரவோடு இரவாகக் கிண்டி ஏற்றுகிறவர்களுக்கு அதன் விலை நன்றாகத் தெரியும். அதில் வீடு கட்டுகிற நாங்கள்தான் எங்கே அள்ளியது என்று கேட்பதில்லை.

துறைமுக நகரம் அழகான இடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் போய்ப் பாருங்கள். வெய்யில் தாழ்ந்த பிறகு போங்கள். மரங்கள் இன்னும் நிழல் தரும் வயதுக்கு வரவில்லை.

269 ஹெக்டேயரில் 91 பொதுவெளிக்கு, 62 அரசாங்கத்துக்கு, மிச்சம் 116 சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகை. இதையும் துறைமுக நகரத்துக்கென்று வந்த 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தையும் அடுத்த கிழமை விரிவாக எழுதுகிறேன். அதற்கிடையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மணல் இறங்கினால், அது எந்த ஆற்றில் எந்த இடத்தில் அள்ளியது என்று டிப்பர்காரரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.