கவர்னர் போனார், காகிதமும் போயிற்று

தரங்கம்பாடியைத் தாண்டித் தெற்கே வரும் பஸ்ஸில், காரைக்காலின் எல்லையான பூவம் நெருங்கினாலே சிலர் முகத்தில் தனிக் களை வந்துவிடும். மதுக்கடைப் பலகைகள் செய்யும் வேலை. இன்று எல்லை என்றால் அவ்வளவுதான். 1949-ல் பிரெஞ்சிந்தியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சுங்க உடன்பாடு முறிந்தபின் இதே எல்லையில் காவலும் சோதனையுமாக இருந்தது. தங்கம் கடத்தியவர்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.

இந்தக் காரைக்காலையும் சேர்த்து ஆளத்தான் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு ஆட்கள் வந்தார்கள். 1946-ல் கவர்னராக வந்த பாரோன் அதற்கு முன்பே இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் நிர்வாகியாக இருந்தவர்; அரவிந்தரிடம் ஈடுபாடு கொண்டவர். மறுவருடமே கவர்னர் பட்டம் போய், ‘குடியரசின் ஆணையர்’ ஆனார். புதுச்சேரியிலிருந்து காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். தரைவழியெல்லாம் இந்திய மண். தன் ஆட்சியின் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போக அடுத்த நாட்டைக் கடக்க வேண்டிய உத்தியோகம்! 1949-ல் பாரோன் போனார். அந்த ஜூனில் சந்திரநாகூர் இந்தியாவோடு சேர வாக்களித்தது. பிறகு ஷாம்போன், மெனார், கடைசியில் எஸ்கார்கேய். எட்டே வருடத்தில் நாலு பேர்.

1954 அக்டோபர் 18, கீழூர். 178 பிரதிநிதிகள் வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு ஆதரவு. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உறுத்துவது வேறு. 1956-ன் இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தில் ஆவணங்களைப் பங்கு பிரித்தார்கள்: நிர்வாகத்துக்கு வேண்டியது இந்தியாவுக்கு, சரித்திர மதிப்புள்ளது பிரான்ஸுக்கு. எது நிர்வாகம், எது சரித்திரம்? பூவத்து வயலின் அளவு நிர்வாகம், சரி. அந்த வயல் வரப்பில் இரவில் தங்கத்தோடு நடந்தவனைப் பிடித்தார்களா, விட்டார்களா, விடச் சொன்னது யார்? அதை ஒரு நிர்வாகி மேலிடத்துக்கு எழுதியிருந்தால், அது சரித்திரம். கடல் கடந்துவிடும்.

பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடம் தந்தான், தன் படையிலிருந்த சொல்தாக்களுக்குப் பென்ஷன் தந்தான் என்பார்கள். தந்தான், மறுக்கவில்லை. பதிவேடுகள் இணையத்திலேயே இருக்கின்றனவே என்பார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு ஓரளவு இருக்கின்றன. பென்ஷன், நாஷனாலிட்டி விவகாரத்துக்கு அவை உதவும். ஆட்சி செய்தவனின் பயத்தைப் படிக்க அவை உதவா. அதற்குப் பிரான்ஸின் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். கையெழுத்துப் பிரெஞ்சும் தெரிய வேண்டும்.

பூவத்தில் இறங்கி, பழைய சுங்கச் சாவடி எங்கே இருந்தது என்று டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் எதிரே இருந்த பிராந்திக் கடையைக் கைகாட்டினார்.