காதுக்குள் ஒலிக்கும் பறை!

தாம்பரம் ரெயில் நிலையம். காலை நேரம். கடற்கரைக்குப் புறப்படும் மின்சார ரெயிலில் கூட்டம் நெரிகிறது. ஜன்னல் ஓரத்தில் ஒரு கல்லூரி வாலிபன். காதில் 'இயர்போன்'. தலை தாளத்துக்கு ஏற்ப ஆடுகிறது.

"என்ன தம்பி, ஒரே இரைச்சலா இருக்கே?" என்று பக்கத்தில் இருக்கும் பெரியவர் கேட்பார். குரோம்பேட்டை, பல்லாவரம் வீடுகளிலும் தினமும் எழுகிற கேள்விதான் இது.

உண்மையில் அது இரைச்சலா? கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், அதற்குள் நம் தெருவின் பறையும் உறுமியும் இருப்பது தெரியும்.

2018-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு கச்சேரி நடந்தது. மேடையில் 19 பேர். கானா பாடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், மின்சார கிதார் வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். சினிமா டைரக்டர் பா.ரஞ்சித்தும், இசை அமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு அது. பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதி இல்லாதவர்களின் கூட்டு என்று பொருள். அயோத்திதாச பண்டிதர் 100 ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன 'சாதி இல்லாத தமிழர்' என்ற கருத்தில் இருந்து பிறந்த பெயர்.

கானாவா? அது சாவு வீட்டுப் பாட்டு! பறையா? அது சாவு மேளம்! இப்படிச் சொல்லித்தானே ஒதுக்கினோம்? மேளத்தை மட்டுமா ஒதுக்கினோம்? அடித்தவரையும் சேர்த்தல்லவா வாசலில் நிறுத்தினோம்! அதே மேளத்தை நடுமேடையில் வைத்து, இட ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்று பாடினார்கள். வாலிபர்கள் கை தட்டினார்கள்.

அந்தக் குழுவில் இசைவாணி என்ற பெண்ணும் உண்டு. ஆண்களின் பாட்டாகவே இருந்த கானாவைத் துணிந்து பாடியவர். 2020-ம் ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இடம் பெற்றது.

அதே குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவு, 'ஆப்ரோ' என்ற இசை அமைப்பாளருடன் சேர்ந்து 2019-ல் 'தெருக்குரல்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். முதல் தடவை கேட்டால் வேகம் திணற வைக்கும். இரண்டாம் தடவை வார்த்தை புரியும். புரிந்த பிறகு சும்மா இருக்க முடியாது.

உறுமி கடல் கடந்தும் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சிறு வயதில் அகதியாக லண்டன் சென்றவர் மாயா. பாடகியாக அவர் பெயர் எம்.ஐ.ஏ. 2007-ல் வந்த இசைத்தொகுப்புக்குத் தன் தாயாரின் பெயரையே வைத்தார்: 'கலா'. அதற்காகச் சென்னைக்கு வந்து, உறுமிக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்தார். அதில் உள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில், 'தி கிளாஷ்' என்ற லண்டன் 'பங்க்' குழுவின் இசையும் கலந்திருக்கிறது. 'பங்க்' என்பது கோபக்கார இளைஞர்களின் இசை. எல்லாத் தொகுப்புகளிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

மென்மையாக வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையின் 'தி எப்-16ஸ்' குழு இருக்கிறது. போர் விமானத்தின் பெயரைப் பார்த்து, தாம்பரம் விமானப்படைத் தளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்! பாட்டுகள் ஆங்கிலத்தில். மெட்டு இனிமை.

இடி முழக்கம் வேண்டுமா? சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய 'ருத்ரா' குழுவின் 'பிரம்மவித்யா' (2005) கேட்கலாம். 'மெட்டல்' என்னும் முரட்டு இசை. உறுமுகிற குரல். நடுவே சமஸ்கிருத மந்திரம்! வீட்டில் பாட்டி தூங்கும் நேரத்தில் மட்டும் சத்தமாக வைக்க வேண்டாம்.