கூலி – ஒரு சொல்லின் கதை



போன வாரம் ஒரு படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நூலகத்தில் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அதிலேயும் 'கூலி' இருந்தது!

தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் பணம். வேலை செய்பவரைக் கூலியாள் என்போம். ஆங்கிலத்தில் 'கூலி' என்பதே ஆளைக் குறிக்குது. சுமை தூக்குபவர் என்றும் பொருள், கப்பலேறிப் போன ஆசியத் தொழிலாளி என்றும் பொருள். அது வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. இது தமிழ்ச் சொல்தான் என்று சிலரும், குஜராத்தின் 'கோலி' இனப் பெயரில் இருந்து வந்தது என்று சிலரும் சொல்கிறார்கள்.

1834 முதல் மொரீசியஸுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் நம்மவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் சென்னையில் இருந்துதான் புறப்பட்டது. அங்கே வெள்ளையர்கள் இந்தியர் எல்லாரையும் 'கூலி' என்றே கூப்பிட்டார்கள். வக்கீலாகப் போன காந்தியடிகளைக்கூட 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். இன்றைக்கும் அங்கே அது அவமானச் சொல்.

ஆனால் 619-ஆம் திருக்குறளைப் பாருங்க. உழைப்புக்குக் கிடைக்கும் பலனைத் திருவள்ளுவர் 'கூலி' என்றுதான் சொல்கிறார்.

எங்கப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறார். அடுத்த முறை படிவத்தில் 'கட்டடத் தொழிலாளி' என்று எழுதுவேன். கூலி அவர் வாங்குவது, அவர் பேர் இல்லை.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நல்லம்பள்ளி