விறகு போட்டாச்சா?

"வேலையில ஒரு 'இது' இல்லடா!"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் நண்பன் இப்படிச் சொன்னான். தமிழில் 'இது' என்ற சொல்லுக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. அவன் சொன்ன 'இது'வுக்கு அகராதியில் ஊக்கம், உற்சாகம், முனைப்பு என்று போட்டிருக்கும். ஆபீஸ்களில் மோட்டிவேஷன் என்பார்கள்.

நண்பனும் நானும் பி.காம். படித்தவர்கள், ஒரே பெஞ்ச். நான் எழுத வந்துவிட்டேன். அவன் உருப்பட்டுவிட்டான். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினாலு வருஷமாகச் சம்பளப் பட்டியல், பி.எஃப்., கிராஜுவிட்டி என்று ஓடிக்கொண்டிருக்கிறான். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். ராஜினாமா கடிதம்! தேதி மட்டும் போடவில்லை.

"வீட்ல சொல்லிட்டியா?"

"சொன்னா டீ கூடக் கிடைக்காது. அதான் இங்க வந்து குடிக்கிறேன்."

சிரித்தேனே தவிர, எனக்கு வயிற்றைக் கலக்கியது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன்... இவனுக்குக் கையில் வேறு வேலையும் இல்லை.

"போன மாசம் ஆபீஸ்ல ட்ரெயினிங் வெச்சாங்களே, என்ன ஆச்சு?"

"கோட்டு போட்ட ஒருத்தர் வந்தார். எல்லாரையும் பலூன் ஊதச் சொன்னார், கை தட்டச் சொன்னார். 'என்னால் முடியும்'னு மூணு தடவை கத்தச் சொன்னார். கத்தினோம். திங்கட்கிழமை ஜம்முனு இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை பலூனும் இல்லை, காத்தும் இல்லை."

கணக்குப் பாடத்தில் தேய்மானம் படித்திருப்பீர்கள். மெஷினுக்கு மட்டுமா, உற்சாகத்துக்கும் தேய்மானம் உண்டு! அதுவும் குறைந்துசெல் மதிப்பு முறையில். திங்கட்கிழமை 100 ரூபாய் உற்சாகம், தினமும் பாதி தேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் 50, புதன் 25... சனிக்கிழமை கையில் மிச்சம் 3 ரூபாய் 12 காசு. அதை வைத்துக்கொண்டு எந்த ஃபைலைப் பார்ப்பது?

"ஞாயித்துக்கிழமை எனக்கு சிதம்பரத்துல ஒரு வேலை இருக்கு. நீயும் வா, வடலூர் வழியாப் போகலாம்" என்றேன்.

"ஏண்டா, சுத்து வழியாச்சே?"

"சுத்தினாத்தான் தெளியும்!"

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர். அங்கே வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலை இருக்கிறது. 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி அங்கே ஓர் அடுப்பு மூட்டினார்கள். 21 அடி நீளமுள்ள அடுப்பு. பசி என்று வருகிறவர்களுக்குச் சாதி, மதம் கேட்காமல் சோறு போட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். 150 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் அந்த அடுப்பை அணையவிடவில்லை. 1876-78-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 2004-இல் சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் வந்து பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அத்தனைக்கும் நடுவில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வள்ளலாருக்கு மட்டும் மனச்சோர்வே வரவில்லையா? வந்தது. தன் சரக்கை வாங்க ஆள் இல்லையே என்று அவரே கடைசிக் காலத்தில் நொந்து சொன்னதாக ஒரு செய்தி வழிவழியாக உண்டு. 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது அடுப்புக்கு ஏழு வயசு கூட நிரம்பவில்லை. மூட்டியவர் போன பிறகும் எரிகிறதென்றால், அடுப்பு ஒருவருடைய உற்சாகத்தை நம்பி எரியவில்லை என்றுதானே அர்த்தம்?

சமையல் பக்கம் வேர்த்து விறுவிறுத்து நின்ற ஒரு பெரியவரிடம் நண்பன் மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

"ஐயா, தினமும் இதே வேலை... சலிப்பா இருக்காதா?"

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருக்கும் தம்பி, இல்லாம என்ன? ஆனா வெளியில பாருங்க, வரிசை நிக்குது. எனக்குச் சலிச்சுப் போச்சுன்னு அவங்களுக்குப் பசிக்காமப் போயிடுமா?" என்று சொல்லிவிட்டு விறகை எடுக்கப் போய்விட்டார்.

பலூன் இல்லை, கைதட்டல் இல்லை. நண்பன் கொஞ்ச நேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பழைய பல்லவி. "அவருக்கு வரிசை கண்ணுக்குத் தெரியுது. எனக்குத் தெரியறது கம்ப்யூட்டர்ல நம்பர்தானே? அதுவுமில்லாம முப்பத்தெட்டு ஆச்சு. இனிமே என்னடா பெரிசா..."

"சிதம்பரத்துக்குப் போய்க்கிட்டே இந்தப் பேச்சுப் பேசாதே" என்று உ.வே.சா. கதையை அவிழ்த்துவிட்டேன்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தபோது உ.வே. சாமிநாதையருக்கு வயசு 25. அந்த ஊருக்கு முன்சீஃபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பட்டியல் போட்டார். முன்சீஃப் அசையவே இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணி போன்ற நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்விதான் நெருப்புப் பொறி. பொறி விழ ஒரு நாள் போதும். சிந்தாமணி அச்சாகி வந்தது 1887-இல். நடுவில் ஏழு வருஷமும் செல்லரித்த ஏடுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. உன் சம்பளப் பட்டியலை விடச் சுவாரஸ்யமாகவா இருந்திருக்கும்? சென்னை மாநிலக் கல்லூரியில் ஓய்வு பெற்று வந்த மனுஷர், 1924-இல் இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக வந்தார். அப்போது அவருக்கு வயசு 69! குறுந்தொகையைப் பதிப்பித்தது 1937-இல், 82 வயசில்.

நண்பன் பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோபமா, தூக்கமா, தெரியவில்லை.

சிதம்பரத்தில் என் வேலை அரை மணியில் முடிந்துவிட்டது. "எங்க ஆபீஸ் பழைய வாட்ச்மேன் இங்கதான் இருக்கார். வாங்க வாங்கன்னு போன் பண்ணிக்கிட்டே இருப்பார். எட்டிப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றான். தெற்கு வீதி தாண்டி ஒரு சந்தில் சின்ன ஓட்டு வீடு. பெரியவர் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"கணக்கு சார் வந்திருக்காரு" என்றார் பெரியவர்.

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "அட, அது நீங்கதானா தம்பி! இவரு பேரு ஒரு தாள்ல ஒரு மாதிரியும் இன்னொண்ணுல வேற மாதிரியும் இருக்குன்னு நீங்க கண்டுபிடிச்சு, கூப்பிட்டுச் சொல்லித் திருத்திக் குடுத்தீங்களாமே. இல்லாட்டி பணம் வர எத்தனை மாசம் ஆயிருக்குமோ. ஆவணியில எங்க பொண்ணு கல்யாணமே நின்னிருக்கும்!"

சுவரில் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. நண்பனுக்கு அந்தத் திருத்தம் ஞாபகமே இல்லை. அவனைப் பொறுத்தவரை அது ஒரு புதன்கிழமை. நூறு தாளில் ஒரு தாள். அந்த வீட்டிலோ போட்டோவாகத் தொங்குகிறது! காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் போட்டோவையே பார்த்தான். அவனுடைய வரிசையில் நின்ற ஒருவரை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறான்.

அமெரிக்காவில் ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். 2007-இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போன் போட்டு நன்கொடை கேட்கும் ஊழியர்கள். தினமும் 'வேண்டாம்' என்ற பதிலையே கேட்டுச் சலித்தவர்கள். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை, அவர்களில் ஒரு பகுதியினரோடு சில நிமிஷம் பேசவைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் போனில் செலவிட்ட நேரமும், திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல்! சம்பளம் ஏறவில்லை, சீட்டு மாறவில்லை. தங்கள் உழைப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்தார்கள்; அவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, மேலதிகாரி மரியாதையில்லாமல் பேசுகிறார் என்றால் அதற்கு மருந்து வடலூரில் இல்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள், வேறு வேலை தேடுங்கள். நான் சொல்வது, வேலை நன்றாகவே இருந்தும் மனசு மட்டும் மக்கிப்போனவர்களுக்கு. உற்சாகம் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது, உங்கள் மேஜையிலிருந்து போகிற காகிதம் எந்த வீட்டுக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதுதான் விறகு. தினமும் ஒரு கட்டை போதும்.

நண்பன் இப்போது எப்படி இருக்கிறான்? அதே ஆபீஸ், அதே நாற்காலி. சில நாள் இன்னமும் "இது இல்லடா" என்று புலம்புகிறான். ஆனால் ஓய்வு பெறுகிறவர்களின் தாள்களை வாங்கும்போது, "வீட்ல என்ன விசேஷம்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்கிறானாம். கல்யாணம், ஆபரேஷன் என்றால் அந்த ஃபைல் மேலே வந்துவிடுகிறது.

ராஜினாமா கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறதாம்.

"கிழிச்சுப் போட்டுட வேண்டியதுதானே?"

"இருக்கட்டும்டா... அவசரத்துக்கு விறகாகும்!"