மழைக்கு முன்னே கட்டவேண்டிய மருந்துப்பை

ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆறு பெருகும், கரையோரத் தரைப்பாலங்கள் மூழ்கும். திருவாலங்காடு வட்டாரத்தில் இது நமக்குப் புதிதல்ல. பாதை அடைபட்ட அந்த இரண்டு மூன்று நாளைப் பெரியவர்கள் கஞ்சி குடித்துக் கடத்திவிடலாம். வீசிங் உள்ள பிள்ளையால் அப்படிக் காத்திருக்க முடியாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பும். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் இல்லாத ஒரு நாளே ஆபத்து.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி மாத்திரை தீரும்வரை இருந்துவிடுவது தவக்குல் ஆகாது. பஞ்சம் வருமுன் தானியத்தைச் சேமிக்கச் சொன்ன யூசுஃப் நபி (அலை), அதைக் கதிரோடு விட்டுவைக்கும்படி சேமிக்கும் முறையையும் சேர்த்தே சொன்னார்கள். மருந்துக்கும் அப்படித்தான். இன்சுலினை ஐஸ்கட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். கரண்ட் இல்லாதபோது, ஈரமணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சிறுபானையை இறக்கி, குப்பியை அதில் வைக்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரத்தோடு செல்போனும் அடங்கியது. பிள்ளையின் மருத்துவ விவரம் போனில் மட்டும் இருந்தால் அப்போது உதவாது. ஒரு தாளில் பிள்ளையின் எடை, நோய், மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை எல்லாம் எழுதி, தடுப்பூசி அட்டை நகலோடு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். எடையை விட்டுவிடாதீர்கள், குழந்தைகளுக்கு மருந்தின் அளவைப் பெரும்பாலும் எடையை வைத்தே கணக்கிடுகிறார்கள். கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். பெரிய பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் கலக்கவேண்டும்; குறைத்துக் கலப்பது தவறு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வெள்ளக் காலத்தில் புட்டிப்பாலால்தான் வயிற்றுப்போக்கு அதிகம் வரும்.

குழந்தை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளைகளின் பட்டியலைப் புரட்டாசியிலேயே எடுத்து, ஒரு மாத மருந்தை முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பது கிளினிக்கைப் பெருக்குபவருக்கும் தெரியவேண்டும். ஜெனரேட்டரைத் தரையில் வைக்காதீர்கள்.

2015இல் சென்னைப் பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்தன. நம் ஜமாஅத்துகள் அதற்கு முன்னதாகவே தொடங்கலாம். ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஜும்ஆவுக்குப் பின், தெருவில் எந்த வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளை இருக்கிறது என்று, இந்து வீடு, கிறிஸ்தவ வீடு உட்பட, கேட்டு எழுதுங்கள். 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைப் பள்ளிவாசல் பலகையில் சாக்பீஸால் அல்ல, பெயின்டில் எழுதுங்கள்.